வகுப்பில் ஆங்கிலம், வார்டில் சீனம்

புது தில்லி: வெளிநாட்டில் மருத்துவம் பயிலப் புறப்படும் மாணவர்கள் முதலில் கேட்டறிய வேண்டியது, அங்குள்ள நோயாளி எந்த மொழியில் பேசுவார் என்பதே.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதங்கள் நடைபெற வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் கட்டாயம். எனவே ஆங்கிலமே போதும் என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடும்.

ஆனால், பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரை வேறு நிலையை உணர்த்தியது. மருத்துவமனைப் பயிற்சிக்காக ஒவ்வொரு மாணவரும் 'எச்எஸ்கே' எனும் சீன மொழித் தேர்வில் நான்காம் நிலையை எட்ட வேண்டும். தவறினால் பட்டம் இல்லை என்றது அது. அன்றைய பாடத்திட்டப்படி அந்நிலைக்கு ஏறத்தாழ 1,200 சொற்கள் தேவை.

சொற்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. சீனத்தில் தொனி மாறினால் பொருளும் மாறும். 'மை' என்ற ஒரே ஒலி, ஒரு தொனியில் வாங்குவதையும் மற்றொன்றில் விற்பதையும் குறிக்கும். இந்த வேறுபாடு விடுதி அறையில் பிடிபடாது; சந்தையிலும் ரயில் பயணத்திலும் மக்களோடு பேசிப் பழகினால்தான் காதில் படியும்.

சீனாவில் பயின்று 2015 முதல் 2021 வரை இந்தியாவில் தகுதித் தேர்வு எழுதிய 40,417 பேரில் 6,387 பேரே தேர்ச்சி பெற்றதாகவும் தூதரகம் சுட்டிக்காட்டியது. இதற்கு மொழி மட்டுமே காரணமல்ல. ஆயினும், நோயாளி சொல்வது விளங்காமல் வார்டில் நிற்பவர் கற்பது குறைவே. மொழிப் பயிற்சி விமானம் ஏறுமுன்பே தொடங்குவது நல்லது.