'பிரிங் டுகெதர்', 'கம் டுகெதர்' ரெண்டும் ஒண்ணா? ஒரே ஒரு எழுத்துல இருக்கு வித்தியாசம்!

இங்கிலீஷ் செய்திகள்ல அடிக்கடி வர்ற வார்த்தைகள் 'கம் டுகெதர்', 'பிரிங் டுகெதர்'. ரெண்டையுமே 'ஒன்று சேர்வது' என்றுதான் சட்டெனப் புரிந்துகொள்வோம். ஆனால், சேர்த்து வைத்தது யார் என்ற தகவல் அதில் காணாமல் போய்விடும்.

என்ன அர்த்தம்?

'கம் டுகெதர்' என்றால், தாங்களாகவே ஒன்று சேர்வது. 'பிரிங் டுகெதர்' என்றால், ஒருவரோ ஒரு நிகழ்வோ மற்றவர்களை ஒன்று சேர்ப்பது. ஸ்கூல்ல படிச்ச தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கா? அதேதான்! 'சேர்ந்தார்கள்' தன்வினை, 'சேர்த்தார்' பிறவினை. 'ந்' இருக்கிற இடத்துல 'த்' வந்தா, செய்தவரே மாறிவிடுவார்.

மண்டேலா செய்தது என்ன?

1995 ஜூன் 24. ஜோகன்னஸ்பர்க்கில் ரக்பி உலகக் கோப்பை இறுதிப்போட்டி. தென்னாப்பிரிக்க அணியின் பச்சை ஜெர்சியை, நிறவெறி ஆட்சியின் அடையாளமாகவே கறுப்பின மக்களில் பலர் பார்த்து வந்தனர். 27 ஆண்டுகள் சிறையில் இருந்த அதிபர் நெல்சன் மண்டேலா, அதே ஜெர்சியை அணிந்து மைதானத்துக்கு வந்தார். நியூசிலாந்தை 15-12 என வென்ற கேப்டன் பியனாரிடம் கோப்பையைக் கொடுத்தார்.

இதை 'மண்டேலா பிராட் தி கன்ட்ரி டுகெதர்' என்று எழுதினால், நாட்டை ஒன்று சேர்த்தவர் மண்டேலா. 'தி கன்ட்ரி கேம் டுகெதர்' என்று எழுதினால், நாடு ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதான். இலக்கணப்படி ரெண்டும் சரி. ஆனா, ரெண்டாவதுல மண்டேலா இல்லை!

எப்படிப் பயன்படுத்தணும்?

* 'பிரிங்' வந்தால் 'யாரை?' என்பதற்கான பதிலும் வர வேண்டும். 'பிரிங் பீப்பிள் டுகெதர்', 'பிரிங் டுகெதர் பீப்பிள்' இரண்டும் சரி.

* 'தெம்', 'அஸ்' போன்றவை நடுவில்தான் வரும். 'பிரிங் தெம் டுகெதர்' சரி. 'பிரிங் டுகெதர் தெம்' தவறு.

* 'கம் டுகெதர்' வந்தால் 'யாரை?' என்ற கேள்விக்கே இடமில்லை. 'வி கேம் டுகெதர்' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும்.

* நண்பர்கள் சும்மா சந்தித்துப் பேசுவதற்கு 'கெட் டுகெதர்' போதும்.

அடுத்த முறை சந்தேகம் வந்தால், 'சேர்ந்தாங்களா, சேர்த்தாங்களா?' என்று தமிழில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சரியான இங்கிலீஷ் வார்த்தை தானாக வந்துவிடும்.