பழைய கணினிக்குள் கிடக்கும் சாட்சியங்கள்: புதிய கணினிக்கு எப்படிக் கொண்டுவருவது?

கிராண்ட்பாஸில் ஒரு சிறிய வீடு. முன்னறை மேசையில் ஒரு பழைய கணினி துணியால் மூடப்பட்டிருக்கிறது. 2006இல் மகன் வாங்கி வைத்தது. இரண்டு வருடங்களின் பின் அவர் காணாமலாக்கப்பட்டார். தன் பெயரையும் வீடு இருக்கும் ஒழுங்கையையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தத் தாய், துணியை விலக்கியபடி சொன்னார்: “தம்பி, அவன்ட படம், அவனுக்காக எழுதின கடிதம் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. இது ஒருநாள் எழும்பாமல் போச்செண்டால் நான் என்ன செய்யிறது?”

மகள் புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கியிருக்கிறார். இரண்டையும் ஒரே ரவுட்டரில் இணைத்தும் பார்த்திருக்கிறார். பழையதில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி, புதியதில் விண்டோஸ் 11. பழைய கணினியின் கோப்புறையைப் புதியது திறக்க மறுக்கிறது. கணினி பழுதாகிவிட்டது என்றே இருவரும் நினைத்திருந்தார்கள்.

2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என்று, ஒவ்வொன்றின் முன்பும் அதே விபரங்களையும் அதே பிரதிகளையும் திரும்பத் திரும்பக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படங்கள் எனப் பலவற்றின் மிஞ்சிய ஒரே பிரதி இப்படியான கணினிகளில்தான் இருக்கிறது. ஆகவே இந்தச் சிக்கலைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஏன் திறக்கவில்லை?

ஒரு விண்டோஸ் கணினி இன்னொன்றிடம் கோப்பு கேட்பதற்கு எஸ்எம்பி என்ற பரிமாற்ற மொழி இருக்கிறது. எக்ஸ்பிக்கு அதன் முதலாம் பதிப்பு மட்டுமே தெரியும். இரண்டாம் பதிப்பு விண்டோஸ் விஸ்டாவுடன்தான் வந்தது.

2017 மே 12ஆம் திகதி ‘வன்னாக்ரை’ என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள்கூட நோயாளரைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. அது நுழைந்த வழி, எஸ்எம்பி முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டை. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10இல் முதலாம் பதிப்பை மைக்ரோசொப்ட் சேர்ப்பதில்லை. விண்டோஸ் 11இலும் அப்படித்தான்.

எனவே அந்த வீட்டில் எந்தக் கணினியும் பழுதாகவில்லை. பழையதற்குத் தெரிந்த மொழியைப் பாதுகாப்புக் கருதிப் புதியது பேச மறுக்கிறது.

உங்களிடம் இருப்பது விண்டோஸ் 7 என்றால் இந்தச் சிக்கல் இல்லை, அதற்கு இரண்டாம் பதிப்பு தெரியும். அங்கே பெரும்பாலும் குறுக்கே நிற்பவை இரண்டு: வலையமைப்பு ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருப்பது (‘பிரைவேட்’ என மாற்றுங்கள்), பயனர் கணக்குக்குக் கடவுச்சொல் இல்லாதிருப்பது.

முதலில் இலகுவான வழிகள்

கணினியிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அதை மீண்டும் இயக்கவே வேண்டாம். வன்தட்டு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எஞ்சியிருப்பதும் போகலாம். தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சத்தம் இல்லை, கோப்புகளும் குறைவு என்றால் ஒரு பென்ட்ரைவ் போதும். அதை ‘ஃபெட்32’ முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். இப்போது பல பென்ட்ரைவ்களில் வரும் ‘எக்ஸ்ஃபெட்’ முறையை எக்ஸ்பி பொதுவாக வாசிக்காது. ஃபெட்32இல் 4 ஜிபியை விடப் பெரிய தனிக் கோப்பு ஏறாது. நீண்ட வீடியோக்களுக்கு மட்டுமே அது இடைஞ்சல். பழைய கணினியில் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், புதியதில் செருகியதும் எதையும் திறக்கமுன் ஸ்கேன் செய்யுங்கள்.

கோப்புகள் அதிகம் என்றால் வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் மூலம் புதிய கணினியில் செருகலாம். அகலமான பட்டி வயர் இருந்தால் அது ஐடிஇ, ஒடுங்கிய வயர் என்றால் சாட்டா. எது என்று பார்த்து இணைப்பானை வாங்குங்கள். கடையில் செய்வதானால் நீங்களும் பக்கத்தில் இருங்கள். உங்கள் குடும்பத்தின் வாக்குமூலம் இன்னொருவரின் கணினியில் தங்கிவிடக் கூடாது.

வலையமைப்பு வழியாகத்தான் என்றால்

இவை இரண்டும் முடியாதபோது, பூட்டிய கதவைக் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கலாம்.

1. ரவுட்டருக்கு வரும் இணைய இணைப்பைக் கழற்றுங்கள். 4ஜி ரவுட்டர் என்றால் சிம்மை எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் கணினிகள் பேசிக்கொள்ள இணையம் தேவையில்லை.
2. இரண்டு கணினிகளையும் கேபிள் மூலம் ரவுட்டரில் இணையுங்கள்.
3. எக்ஸ்பியில் தேவையான கோப்புறையை வலது சொடுக்கி, ‘ஷெயாரிங்’ பகுதியில் பகிருங்கள். மற்றவர் கோப்புகளை மாற்றலாம் என்ற பெட்டியில் சரி அடையாளம் இடவேண்டாம்.
4. புதிய கணினியின் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்பதன் கீழ் ‘கிளையன்ட்’டை மட்டும் தெரிவு செய்யுங்கள். ‘சேர்வர்’ வேண்டாம். பின்னர் கணினியை மீள இயக்குங்கள்.
5. கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளும் பழைய கணினியின் ஐபி முகவரியும் இட்டுத் திறந்து, கோப்புகளைப் பிரதி எடுங்கள். ‘கட்’ செய்ய வேண்டாம்.
6. முடிந்ததும் எஸ்எம்பி 1.0ஐ நீக்கி மீள இயக்குங்கள். அதற்குப் பிறகே இணையம்.

அப்போதும் திறக்காவிட்டால் பாதுகாப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போகாதீர்கள். வன்தட்டைக் கழற்றும் வழிக்குத் திரும்புங்கள்.

எழுத்து குழம்பினால்

அந்தத் தாயின் கடிதங்கள் புதிய கணினிக்கு வந்ததும் மகள் பயந்துபோனார். தமிழ் ஒன்றுமே இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். கோப்பு கெடவில்லை. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பழைய கணினியின் ‘ஃபொன்ட்ஸ்’ கோப்புறையில் இருக்கும் பாமினியையும் பிரதி எடுத்துப் புதியதில் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். யுனிகோடுக்கு மாற்றுவதென்றால் பிரதியில் மாற்றுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். வாக்குமூலங்களை முன்பின் தெரியாத இணைய மாற்றிகளில் ஒட்டுவதையும் தவிருங்கள்.

படங்களுக்கும் இந்தக் கவனம் தேவை. டிஜிட்டல் கமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த திகதி பதிவாகியிருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு நீங்கிவிடும், படத்தின் தரமும் குறையும். நாளை ஒரு விசாரணையில் “இது எப்போது எடுத்தது?” என்று கேட்டால் அந்தத் திகதி உங்களுக்குத் தேவைப்படலாம். கோப்பை அப்படியே பிரதி எடுங்கள். பழைய வன்தட்டையும் எறியாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஒரு பிரதி போதாது

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டபோது, பொருட்களை எடுக்கக்கூட அவர்களுக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று புதிய கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம். பிரதி எடுத்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கிராண்ட்பாஸ் வீட்டில் கடைசியில் வன்தட்டைக் கழற்றித்தான் பிரதி எடுத்தோம். ஒரு பிற்பகலுக்குள் வேலை முடிந்தது. மகனின் படத்தைப் புதிய திரையில் பார்த்த தாய் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மகளிடம் கேட்டார்: “கனடாவில இருக்கிற மாமாவுக்கும் ஒண்டு குடுத்து வைப்பமா பிள்ளை?”