சிவப்பா, பச்சையா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பாலைவனச் சாலையில் ரியோ கிராண்டே ஆற்றோரம் தெற்கே சென்றால் ஹாட்ச் என்ற சிற்றூர் வரும். ஆகஸ்டு, செப்டம்பரில் ஊரே மணக்கும். பச்சை மிளகாயை இரும்பு உருளையில் போட்டுச் சுற்றி நெருப்பில் வாட்டுகிறார்கள். ஓட்டலில் முதல் கேள்வி, "சிவப்பா, பச்சையா?" மக்காச்சோள ரொட்டியில் செய்யும் என்சிலாடா மீது எந்த மிளகாய்க் குழம்பை ஊற்றுவது என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டுமானால், "கிறிஸ்துமஸ்" என்றால் போதும்!

காரத்தைக் குறைத்து, சதைப்பற்றைக் கூட்டியவர் பேபியன் கார்சியா. மெக்சிகோவிலிருந்து பாட்டியுடன் பிழைக்க வந்த அநாதைச் சிறுவன். பாட்டி வீட்டு வேலை செய்து வளர்த்தார். தோட்டக்கலை நிபுணரான கார்சியா, 1921-ம் ஆண்டில் "நியூ மெக்சிகோ 9" என்ற மிளகாய் ரகத்தை வெளியிட்டார். 1948-ல் அவர் காலமானபோது, சொத்தில் பெரும்பகுதி ஏழை மெக்சிகோ மாணவர்களின் விடுதிக்காகக் கல்லூரிக்குப் போயிற்று.