அனுப்பியது 31 பைட், சேர்ந்தது எத்தனை?

சுங்கை பூலோ என்ற ஊர்ப்பெயரை மலாய்மொழியில் ரோமன் எழுத்தில் எழுதினால், இடைவெளியையும் சேர்த்துக் கணினிக்கு அது 12 பைட். தமிழில் எழுதினால் 31 பைட். யுனிகோடில் எழுத்து வேறு, அதன்மேல் ஏறும் புள்ளியும் கொம்பும் வேறு; யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'சு', 'ங்', 'கை', 'பூ', 'லோ' ஐந்தும் தலா 6 பைட், நடுவில் உள்ள இடைவெளிக்கு 1.

இந்த 31 பைட் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைத் தெரிந்துகொண்டால், திரையில் சில நேரம் தமிழ் எழுத்து உடைந்து கேள்விக்குறியாக நிற்பது ஏன் என்பது ஓரளவு விளங்கும். பணம் அனுப்பும் செயலி சில சமயம் 'போனதா இல்லையா' என்று சொல்ல முடியாமல் திணறுவதும் விளங்கும்.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் வலையமைப்பு இணைப்பின் முனைக்குச் சாக்கெட் என்று பெயர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் மூலம் அது உலகெங்கும் பரவியது. வட்டிலுள்ள கோப்பில் எழுதுவது போலவே தொலைதூரக் கணினிக்கும் எழுதலாம் என்பது அதன் சிறப்பு. கோப்புக்கு 'ரைட்' என்ற கட்டளை. சாக்கெட்டுக்கு அதே 'ரைட்', அல்லது 'சென்ட்'. ஆண்ட்ராய்டு ஓடுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மேல். ஐஃபோனின் அடித்தளத்திலும் பிஎஸ்டி மரபு உண்டு. ஆகவே சுங்கை பூலோவில் எம்.ஆர்.டி. ஏறுபவர் கையிலுள்ள கைப்பேசிக்கும் இந்தக் கதை பொருந்தும்.

சென்ட் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 31 என்று வந்தால் கிள்ளானில் இருப்பவருக்கு 31 பைட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. தபால் நிலையக் கவுண்டரில் கடிதத்தை வாங்கிக்கொண்டு தரும் ரசீதுதான் அது. நம் கணினியின் கெர்னல் அந்த 31 பைட்டையும் பஃபர் என்ற தன் தற்காலிக நினைவிடத்தில் போட்டுக்கொண்டது, அவ்வளவே. லினக்ஸில் இந்த பஃபர் வழக்கமாக 16 கிலோபைட்டில் தொடங்கித் தேவைக்கேற்ப வளரும். அங்கிருந்து பாக்கெட்டுகளாகப் பிரித்து அனுப்புவதும், ஒப்புகை வராவிட்டால் மீண்டும் அனுப்புவதும் டிசிபி என்ற வலையமைப்பு நெறிமுறையின் வேலை.

பஃபர் நிறைந்திருந்தால்? சாதாரணச் சாக்கெட்டில் இடம் கிடைக்கும்வரை சென்ட் காத்திருக்கும். ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒருசேரக் கவனிக்கும் சர்வர்கள் அப்படிக் காத்திருக்க முடியாது. அவை காத்திராத வகைச் சாக்கெட்டைப் பயன்படுத்தும். அங்கே 5,000 பைட் கொடுத்தால் '3,200 வாங்கிக்கொண்டேன்' என்று பதில் வருவது சகஜம். மீதி 1,800ஐ வைத்திருந்து மறுபடி அனுப்புவது புரோகிராமின் பொறுப்பு. திரும்பி வந்த எண்ணைப் பார்க்காமல் விட்டால் அந்த 1,800 பைட் சத்தமில்லாமல் தொலையும்.

மலேசியாவில் 1980களின் பிற்பகுதியில் மிமோஸ் ஆய்வு நிறுவனம் அமைத்த ராங்கோம் வலையமைப்பில் மின்னஞ்சல் தொலைபேசி டயல்-அப் வழியே போய்வந்தது. அடுத்து வந்த ஜாரிங் 1992இல் அமெரிக்காவோடு செயற்கைக்கோள் இணைப்புப் பெற்றபோது வேகம் விநாடிக்கு 64 கிலோபிட், அதாவது 8,000 பைட். அவ்வளவு குறுகிய வழியில் பஃபர் நிறைவது அன்றாடம். எண்ணைப் பார்க்காத புரோகிராம் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும். இன்றைய ஃபைபர் இணைப்பில் அதே பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, நெரிசல் மிகுந்த நாளில்தான் தலைகாட்டும். இப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

பெறும் பக்கத்திலும் சிக்கல் உண்டு. டிசிபிக்குச் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது தெரியாது. அதற்கு எல்லாம் ஒரே பைட் ஓடை. 16 பைட் பஃபரோடு படிக்கும் புரோகிராமுக்கு முதல் தவணையில் 'சுங்க' என்ற 15 பைட்டும், அடுத்து வரவேண்டிய ஐகாரக் குறியின் மூன்று பைட்டில் ஒன்றும் கிடைக்கும். மிச்ச இரண்டு பைட் அடுத்த தவணையில், 'பூலோ'வுக்கு முன்னால் அநாதையாக வந்து விழும். இரண்டையும் தனித்தனியே திரையில் காட்டினால் கேள்விக்குறிதான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர் கண்ணுக்கு இது படவே படாது. யுனிகோடுக்கு முன், கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவை 8-பிட் எழுத்துருக்களோடு இயங்கிய காலத்தில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட். எங்கே வெட்டினாலும் ஒரு வடிவம் பாதியாக உடையாது.

இதற்குத் தீர்வு பழையது, எளியது. செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதி அனுப்ப வேண்டும். பெறுபவர் அத்தனை பைட்டும் சேரும்வரை படித்துச் சேர்த்துக்கொண்ட பிறகே எழுத்தாக மாற்ற வேண்டும்.

சேர்ந்ததா என்ற கேள்வி இன்னும் மீதி இருக்கிறது. எதிர்முனை மூடிவிட்டது தெரிந்த இணைப்பில் எழுதினால் யூனிக்ஸ் உடனே பிழை காட்டும். கூடவே 'சிக்பைப்' என்ற சமிக்ஞையையும் அனுப்பும். அதற்கு ஏற்பாடு செய்யாத புரோகிராம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எதிர்முனை சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால் நிலைமை வேறு. லினக்ஸ் அதன் இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகுதான் கைவிடும்.

அதனால்தான் மலேசியத் தமிழர் புலனம் என்றழைக்கும் வாட்ஸ்அப் சென்ட்டின் பதிலோடு நின்றுவிடாமல், தனியே ஒப்புகை வாங்குகிறது. சர்வருக்குச் சேர்ந்தால் ஒரு டிக், எதிராளியின் கைப்பேசிக்குச் சேர்ந்தால் இரண்டு. பெர்க்லி யூனிக்ஸின் வாரிசான ஃப்ரீபிஎஸ்டியில் ஓடிய ஒரே சர்வரில் 20 லட்சம் டிசிபி இணைப்புகளைத் தாங்கியதாக 2012இல் அந்நிறுவனம் அறிவித்தது.

பண விஷயத்தில் ஒப்புகையே வழியில் தொலைந்து போகலாம். அனுப்பியவர் மறுபடி அனுப்பினால் 50 ரிங்கிட் இரண்டு முறை கழியும் அபாயம் உண்டு. எனவே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புறப்படும் முன்பே ஒரு தனி எண் தரப்படும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் எதிர்முனை பணத்தைத் தொடாமல் பழைய பதிலையே திருப்பி அனுப்பும்.