உருமறைப்பு உடை: நிறத்தை அல்ல, உருவத்தை மறைப்போம்



இயற்கைக் கழகம் பறவை பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர், எல்லாரும் வெள்ளை நிற விளையாட்டுச் சட்டை. மரத்தடியை நெருங்குவதற்குள் பறவை பறந்துவிடும். "இப்பதான் அங்க இருந்துச்சு சார்" என்ற வாக்கியம் மட்டும்தான் குறிப்பேட்டில் மிஞ்சும். இதற்கு ஒரு தீர்வு, நாமே செய்துகொள்ளக்கூடிய உருமறைப்பு உடை. பழைய சட்டை, வலை, கோணிச்சாக்கு, இவ்வளவு போதும். ஆனால் எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால் அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் செய்தால், பச்சைத் துணி போட்ட மனிதராகத்தான் காட்டில் நிற்போம்.

1. சொல்லிலேயே விடை இருக்கிறது

'உருமறைப்பு' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உரு + மறைப்பு. நிறமறைப்பு என்று நாம் சொல்வதில்லை. மறைய வேண்டியது உருவம்தான்.

நம் நாட்டுக் காட்டு விலங்கான தாபிரை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் தெனுக் என்பார்கள். முன்பக்கம் கறுப்பு, நடுமுதுகும் பின்பக்கமும் வெள்ளை, கால்கள் கறுப்பு. மிருகக்காட்சிசாலையில் பார்த்தால், "இதுவா காட்டில் மறையும்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் தாபிர் பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு. நிலவொளியும் நிழலும் கலந்த காட்டுத் தரையில் அந்த வெள்ளைப் பகுதி தனியாகத் தெரியும், கறுப்புப் பகுதி நிழலோடு சேர்ந்துவிடும். தலை, முதுகு, கால் என்று முழு விலங்கின் கோட்டைக் கண்ணால் தொடர முடியாது. உடலின் விளிம்புக்கோடு உடைந்துபோகிறது. பச்சை நிறம் ஒரு துளிகூட இல்லாமலே இது நடக்கிறது.

மனித உருவத்தைக் காட்டிக்கொடுக்கும் கோடுகள் எவை? வட்டமான தலை, அதன் கீழ் சரியும் இரண்டு தோள்கள், நேரான கைகால்கள். இந்தக் கோடுகளை உடைப்பதுதான் நாம் செய்யப்போகும் உடையின் வேலை.

2. கில்லி உடை

இந்த வகை உடைக்குக் கில்லி உடை என்று பெயர். கில்லிதாண்டு விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'கில்லி' என்றால் பையன், பணியாள் என்று பொருள். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வருகிறவர்களுக்குத் துணையாகப் போகும் பணியாளரை அப்படி அழைத்தார்கள். மான்களை நெருங்கிப் பார்க்கவேண்டிய வேலை அவர்களுடையது. 1900-இல் லோவட் பிரபு, போயர் போருக்காக லோவட் ஸ்கவுட்ஸ் என்ற படைப்பிரிவைத் தொடங்கியபோது, ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் வேட்டைக்காவலர்களையும் மான் தேடுவதில் தேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். இராணுவத்துக்குள் கில்லி உடை அவர்கள் வழியாகத்தான் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இன்று அதே உடையைக் காட்டுயிர்ப் படம் எடுப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

நம் தமிழுக்கும் இதில் ஓர் உறவு உண்டு. இந்த உடையின் முக்கியப் பொருள் சணல் சாக்கு. நாம் கோணி என்கிறோம், மலாயில் குனி, ஆங்கிலத்தில் கன்னி. மூன்றும் ஒரே இந்தியச் சொல்லின் குடும்பம்.

3. யாருடைய கண்ணிலிருந்து மறைகிறோம்?

மானின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டு வகைதான். சிவப்பையும் பச்சையையும் அதனால் சரியாகப் பிரித்தறிய முடியாது. புலியின் ஆரஞ்சு நிறம் மானுக்கு இலையின் நிறம்போலவே தெரிவது இதனால்தான். பறவையின் கதை வேறு. அதற்கு நான்கு வகைச் செல்கள் உண்டு. நம்மைவிட அதிக நிறங்களை அது பார்க்கும். ஆனால் மானாக இருந்தாலும் பறவையாக இருந்தாலும், முதலில் கண்ணில் படுவது அசைவுதான். எவ்வளவு நல்ல உடை போட்டாலும் கையை வீசினால் எல்லாம் போச்சு.

இன்னொன்று. 'பளிச்சென்று வெண்மை' தரும் சலவைத்தூளில் ஒளிரூட்டும் பொருள் இருக்கும். அது புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றித் துணியை மின்னச் செய்கிறது. மானின் கண் நீலத்தை நன்றாக உணரும். ஆகவே இந்த உடையை அந்தத் தூளில் துவைக்காதீர்கள். வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

4. தேவையான பொருள்கள்

- தளர்வான, நீளக்கை உள்ள பழைய பருத்திச் சட்டை (மண் நிறம் அல்லது மங்கிய பச்சை)
- பழைய மீன்வலை அல்லது தோட்டவலை. கண்ணின் அகலம் 4 முதல் 5 செ.மீ.
- சணல் சாக்கு 2 அல்லது 3 (பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், வெயிலில் பளபளக்கும்)
- துணிச்சாயம்: பழுப்பு, மங்கிய பச்சை
- கெட்டியான நூல், ஊசி, கத்தரிக்கோல், முகக்கவசம்
- முகத்துக்குக் கொசுவலைத் துண்டு, கைக்கு மெல்லிய கையுறை

இராணுவச் சீருடைபோல் அச்சிட்ட துணியைத் தவிர்த்துவிடுங்கள். பார்ப்பவர்கள் தவறாக நினைக்க இடம் கொடுக்க வேண்டாம்.

5. செய்முறை

முதலில், சாக்கைப் பிரித்து 50 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். குறுக்கு இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தால் நீள இழைகள் மட்டும் மிஞ்சும். தூசி அதிகம் பறக்கும். ஆகையால் வெளியில் உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்து, இழைகளை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு பழுப்பு, ஒரு பங்கு பச்சை, ஒரு பங்கு சணலின் சொந்த நிறம். நம் காட்டுத் தரையைக் குனிந்து பாருங்கள்; பச்சையைவிடக் காய்ந்த இலையின் பழுப்புதான் அதிகம். ஆகவே பச்சை கூடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சாயம் தேவையில்லை. இழைகளுக்கு இடையில் விழும் நிழலே கறுப்பைத் தந்துவிடும். சாயம் திட்டுத்திட்டாக ஏறினால் கவலை வேண்டாம், அதுதான் நல்லது. மழையில் சாயம் ஒழுகாதபடி தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவையுங்கள்.

மூன்றாவதாக, வலையைத் தலையிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை தொங்கும் அளவுக்கு வெட்டி, சட்டையின் தோளிலும் முதுகிலும் கைகளின் வெளிப்பக்கத்திலும் தைத்துவிடுங்கள். தலைக்கு வரும் பகுதி தொப்பிபோல் மடியட்டும். மார்புப் பக்கம் வலை வேண்டாம். குனியும்போதும் தவழும்போதும் அங்கேதான் சிக்கும். நம் வெப்பத்துக்குக் காற்றுப் போக ஓர் இடமும் வேண்டும் அல்லவா?

நான்காவதாக, முடிச்சு. எட்டுப் பத்து இழைகளைச் சேர்த்து நடுவில் மடியுங்கள். மடிந்த முனையை வலைக்கண்ணின் கயிற்றுக்கு அடியில் நுழைத்து, மறுமுனைகளை அந்த வளையத்துக்குள் விட்டு இழுங்கள். இறுகிவிடும். கீழ் வரிசையில் தொடங்கி மேலே ஏறுங்கள். அத்தாப்புக் கூரை வேய்வது இப்படித்தானே? மேல் வரிசை கீழ் வரிசையின் முடிச்சை மூடிக்கொண்டே வரும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அழகாக, சம இடைவெளியில் கட்டத் தோன்றும். கூடாது. காட்டில் சம இடைவெளி கிடையாது. சில இடத்தில் அடர்த்தியாக, சில இடத்தில் வெறுமையாக, சில இழை நீளமாக, சில குட்டையாக இருக்கட்டும். தோளிலும் தலையிலும் மட்டும் கூடுதலாகக் கட்டுங்கள், ஏனென்றால் உடைக்கவேண்டிய கோடுகள் அங்கேதான் இருக்கின்றன.

கடைசியாக, வலையில் சில கண்களைக் காலியாக விடுங்கள். போன இடத்தில் கீழே விழுந்து கிடக்கும் இலை, பெரணி ஆகியவற்றை அதில் செருகலாம். செம்பனைத் தோட்டத்து ஓரம் ஒரு மாதிரி, மலைக்காடு ஒரு மாதிரி. அந்தந்த இடத்துப் பொருள்தான் அந்த இடத்தோடு ஒட்டும். உயிருள்ள செடியைப் பறிக்க வேண்டாம்.

6. சோதித்துப் பாருங்கள்

உடையைப் போட்டுக்கொண்டு புதர் ஓரத்தில் உட்காருங்கள். நண்பர் 20 மீட்டர் தள்ளி நின்று கைப்பேசியில் படம் எடுக்கட்டும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகும் தலை, தோள் தெரிகிறதா? அங்கே இன்னும் இழை தேவை. தெரியவில்லையா? உடை தயார். வெட்டவெளியில் வானம் பின்னால் தெரியும்படி நின்றால் எந்த உடையும் உதவாது. பின்னால் புதரோ மரமோ இருக்கும்படி, நிழலில் உட்காருங்கள்.

7. இதைப் படிக்காமல் காட்டுக்குப் போகாதீர்கள்

தீ: காய்ந்த சணல் இழை மளமளவென்று பற்றும். கொசுவர்த்தி, அடுப்பு, தீக்குச்சி எதுவும் அருகில் கூடாது. தீத்தடுப்புத் தெளிப்பு அடித்திருந்தாலும் இந்த விதி மாறாது.

வெப்பம்: உடைக்குள் வியர்வை கொட்டும். தண்ணீர் கட்டாயம். தலைசுற்றல் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆசிரியர் ஒவ்வொருவரையும் விசாரிக்க வேண்டும்.

காணாமல் போவது: இந்த உடையின் வெற்றியே இதன் ஆபத்து. மயங்கி விழுந்த மாணவரைத் தேடுபவருக்கும் அவர் தெரியமாட்டார். வேட்டைக்காரர் கண்ணுக்கும் மனிதராகத் தெரியமாட்டார். எனவே போகும்போதும் வரும்போதும் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி அணியுங்கள். உட்காரும் இடத்தில் மட்டும் உடையைப் போடுங்கள். தனியாகப் போகக் கூடாது. ஊதல் ஒன்று கழுத்தில் இருக்கட்டும்.

சட்டம்: தீபகற்ப மலேசியாவில் நிரந்தர ஒதுக்கக் காட்டுக்குள் நுழைய 1984-ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி அனுமதி வேண்டும். சிங்கப்பூரின் இயற்கை வனங்களில் குறித்த பாதையை விட்டு இறங்கவும் செடியைப் பறிக்கவும் கூடாது. அங்கே பாதை ஓரத்திலேயே அமைதியாக நின்று பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பள்ளித் தோட்டமே போதும்; மைனாவும் மீன்கொத்தியும் அங்கேயும் வரும்.

பூச்சி: திரும்பி வந்ததும் உடையை நன்றாக உதறி, வெயிலில் தொங்கவிடுங்கள். எறும்பும் அட்டையும் இழைக்குள் ஒளிந்திருக்கும்.

கூடு: மறைந்திருக்கிறோம் என்பதற்காகப் பறவையின் கூட்டை நெருங்கக் கூடாது. நீங்கள் வருவதற்கு முன் அது என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே தொடர்ந்து செய்தால்தான் உங்கள் கவனிப்பு உண்மையானது. அது கத்தத் தொடங்கினால், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

8. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

செய்முறை விளக்கம் எழுதும்போது முதலில், அடுத்து, கடைசியாக என்று வரிசைப்படுத்துவது எல்லாருக்கும் தெரியும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே ஒவ்வொரு படியிலும் ஒரு 'ஏன்' இருப்பதைக் கவனியுங்கள். கீழ் வரிசையிலிருந்து கட்டு என்றால் அது கட்டளை. மேல் வரிசை கீழ் முடிச்சை மூடும் என்பதால் கீழிருந்து கட்டு என்றால் அது விளக்கம்.

வகுப்பறைக்குச் சில வினாக்கள்:

1. 'உருமறைப்பு' என்ற சொல் இந்த உடையின் பயனை எவ்வாறு விளக்குகிறது?
2. தாபிரின் நிறம் பகலில் திறந்த வெளியில் அதற்கு உதவுமா? காரணத்துடன் எழுதுக.
3. "இந்த உடையின் வெற்றியே இதன் ஆபத்து." 80 சொற்களில் விளக்குக.
4. புலி, பச்சோந்தி, இலைப்பூச்சி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது உருவத்தை மறைக்கிறதா, நிறத்தை மாற்றுகிறதா, வேறொரு பொருளைப்போல் தோன்றுகிறதா என்று வகுப்பில் கலந்துரையாடுக.

உடையைச் செய்து முடித்த பிறகு ஒரே ஒரு பயிற்சி. பள்ளித் தோட்டத்தில், நிழலில், பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஊசியும் நூலும் செய்ய முடியாத பாதி வேலை அதுதான்.