குறைந்த விலையில் வெப்சைட்: கணக்கு எங்கே உதைக்கிறது?

வெப் டிசைன் தொழிலில் இறங்கப் பெரிய முதல் தேவையில்லை. லேப்டாப்பும் இணைய இணைப்பும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். 2003-ல் வெளிவந்த வெப்சைட் மென்பொருளான வேர்ட்பிரஸ் இலவசம். இன்று உலகின் வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. ஆயத்த டிசைனான ‘தீம்’களும் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அதனால் ஊருக்கு ஊர் ஆட்கள் பெருகிவிட்டார்கள். முன்பு செய்த வேலை என்று எதையும் காட்ட முடியாத புதியவருக்கு வாடிக்கையாளரை இழுக்க விலைக் குறைப்பே கைவசம் இருக்கும் ஒரே வழி. 2010-ல் ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் எந்த வேலைக்கும் ஐந்து டாலர் என்று தொடங்கியபோது, இந்தப் போட்டி நாட்டு எல்லையையும் தாண்டிவிட்டது.

திருப்பூரில் பனியன் ஆர்டர் கூடினால் ஒரு பனியனுக்கான செலவு குறையும். வெப்சைட்டில் அப்படி நடக்காது; அங்கே செலவாவது பெரும்பாலும் மனித நேரம். ஒரு துணிக்கடைக்குப் பத்தாயிரம் ரூபாயில் ஐந்து பக்க வெப்சைட் என்று வைத்துக்கொள்வோம். டொமைன் என்னும் இணைய முகவரிக்கும் ஹோஸ்டிங்குக்கும் மூவாயிரம் போனால் மிச்சம் ஏழாயிரம். 35 மணி நேரத்தில் வேலை முடிந்தால் மணிக்கு 200 ரூபாய். ஆனால் கடைக்காரர் படங்களை வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்புவார். “லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க” என்பார்; மறுநாள் அவர் மகன் வேறு நிறம் கேட்பார். வேலை 70 மணி நேரமானால் கூலி பாதியாகிவிடும். கொட்டேஷனில் இந்தத் திருத்தங்களுக்கு இடமே இருக்காது.

நட்டத்தை ஈடுகட்டச் சிலர் தவறான வழிக்குப் போகிறார்கள். திருட்டுத் தீம்களைப் பயன்படுத்துவது ஒன்று. அவற்றில் ஒளிந்திருக்கும் தீய நிரல் பிறகு வெப்சைட்டையே முடக்கலாம். டொமைனைத் தன் பெயரில் பதிவு செய்துவிட்டு, இரண்டாம் ஆண்டு ரென்யூவலுக்குப் பெருந்தொகை கேட்பது இன்னொன்று. இது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். அவருடைய கடைப்பெயர் அவர் கையில் இல்லாமல் போகிறது.

வரியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. தாண்டியவர் பொதுவாக 18 சதவீதம் சேர்த்தே பில் போட வேண்டும். அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாத சிறு கடைக்காரருக்கு இது நேரடி விலையேற்றம். மலிவுக்காகவே வந்தவர் அந்தக் கட்டத்தில் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

குறைந்த விலையை நேர்மையாகவும் தரலாம். அதற்கு வேலையின் அளவைச் சுருக்க வேண்டும். பல் மருத்துவமனைகளுக்கு மட்டும், ஒரே அடிப்படை அமைப்பில் என்று எடுத்துக்கொண்டால் இரண்டாவது வெப்சைட்டுக்குப் பாதி நேரம் போதும். எழுத்தும் படமும் கைக்கு வந்த பிறகே தொடக்கம், இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கும் கீழே விலையை இறக்குவதில் பயனில்லை. அந்த இடத்தில் விக்ஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. அங்கே கடைக்காரர் தானே இலவசமாக ஒரு வெப்சைட் செய்துகொள்ளலாம்.