அங்கே நிறுத்தம், இங்கே கூட்டம்!

காலை எட்டு மணி. திருமுருகன்பூண்டியில் சிற்பிகளின் உளி "டங், டங்" என்று ஒலிக்கிறது. சாலை ஓரத்தில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஆண்களும் பெண்களும், கையில் சாப்பாட்டுப் பையுடன் பஸ்சை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை இந்தப் பூண்டியில்தான் வேடர்கள் வழிமறித்தார்கள் என்பது புராணம். இப்போது பொன் பறிபோவது இல்லை, நேரம்தான் பறிபோகிறது!

பூண்டிக்கு ரெயில் கிடையாது. அக்கம்பக்கத்தில் ரெயிலைப் பார்க்க வேண்டுமானால் வஞ்சிபாளையம் போக வேண்டும். திருப்பூருக்கும் சோமனூருக்கும் நடுவே உள்ள சிறிய ஸ்டேஷன் அது. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை-கோவை வந்தே பாரத் ரெயிலும் அந்த வழியாகத்தான் பறக்கிறது. ஆனால், திருப்பூரில் நிற்கும், வஞ்சிபாளையத்தில் நிற்காது.

"ஒரு நிமிஷம் நின்றால் என்ன?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளை உடைய எக்ஸ்பிரஸ் வண்டியின் எடை ஆயிரம் டன்னை எட்டும். அது வேகத்தைக் குறைத்து நிற்கவும், மறுபடி பழைய வேகத்தைப் பிடிக்கவும் பல நிமிஷங்கள் ஆகும். பின்னால் வரும் வண்டியும் காத்துக் கிடக்கும்.

டிராம் வண்டி

சின்ன வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. எடை குறைவு. சட்டென்று நிற்கும், சட்டென்று கிளம்பும். அதனால் தெருவுக்குத் தெரு நிறுத்தம் வைக்கலாம். சென்னை மக்கள் இதை அனுபவித்தவர்கள். 1895-ல் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியதால் 1953-ல் நின்றுபோயிற்று.

அதே வேலையைச் சிங்கப்பூரில் இன்று இலகு ரெயில் செய்கிறது. புக்கிட் பாஞ்சாங் என்ற புறநகரில் 1999 நவம்பரில் அது தொடங்கியது. தூண்கள் மேல் பாதை, ரப்பர் சக்கரம், ஓட்டுபவரே கிடையாது! சுமார் 8 கிலோமீட்டர் தூரத்துக்கு 14 நிறுத்தங்கள். அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் வண்டி ஏறிவிடலாம்.

மூடிய நிறுத்தம்

அந்த 14-ல் ஒன்று "டென் மைல் ஜங்ஷன்". கடைகள் நிறைந்த ஒரு கட்டிடத்துக்குள்ளேயே அமைந்திருந்த நிறுத்தம். வசதிக்குக் குறைவில்லை. ஆனால், ஏறி இறங்க ஆள் இல்லை! 2019 ஜனவரியில் அதை நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

தண்டவாளம் போட்டு, மேடை கட்டினால் மட்டும் நிறுத்தம் உயிர்பெறாது. நடந்து வரும் தூரத்தில் மக்கள் வேண்டும். தினந்தோறும் போக வேண்டிய வேலை வேண்டும். இந்த இரண்டும் இருக்கும் இடத்தில்தான் சின்ன வண்டிக்குப் பிழைப்பு உண்டு.

பூண்டியில் இந்த இரண்டும் இருக்கின்றன. 2021-ல் நகராட்சியாக உயர்ந்த ஊர் இது. ஒரு பக்கம் திருப்பூர், மறுபக்கம் அவிநாசி. "ஷிப்டு" தவறினால் கூலி குறையும் என்ற கவலையோடு நிற்கும் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

அங்கே நிறுத்தம் இருந்தது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறது, நிறுத்தம் இல்லை!

அதோ, பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைக்க இடம் கிடைத்தால் சரி!